ஆறு அக்காக்களின் தம்பிகள்

ஆர்ச்வே சுரங்க ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கண்ணில் படுவது ஆர்ச்வே டாவர்ன் என்ற பப். விக்டோரியா காலத்துப் பெரிய கட்டடம். கிங்க்ஸ் என்ற பாட்டுக்குழு 1971-இல் வெளியிட்ட ‘மஸ்வெல் ஹில்பில்லீஸ்’ இசைத்தட்டின் அட்டைப்படத்தை இதற்குள்தான் எடுத்தார்கள். நீளமுடி வைத்த ஐந்து பாட்டுக்காரர்கள் அன்றாட வாடிக்கையாளர்களோடு கலந்து நிற்கும் படம். உலகம் சுற்றிய ஒரு குழு, தன் படத்துக்கு அமெரிக்கப் பாலைவனத்தையோ பாரிஸையோ தேடாமல் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தொலைவில் ஒரு பப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. கிங்க்ஸ் குழுவைப் பற்றி எனக்கு முதலில் பிடித்துப்போனது இதுதான்.

அங்கிருந்து வடக்கே ஏறுகிறது ஆர்ச்வே சாலை. ஏற்றத்தில் கொஞ்ச தூரம் நடந்தால் ஹைகேட்ஹில் முருகன் கோயில். குன்று இருக்கும் இடமெல்லாம் குமரன் இருப்பான் என்பதற்கு வட லண்டனும் விலக்கில்லை. கும்பிட்டுவிட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே வழி விசாரித்தேன். பக்கத்தில் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் சொன்னார்:

“மஸ்வெல் ஹில்லுக்கோ? அங்க ரெயில் இல்லைத் தம்பி. 43 எடுங்கோ, இல்லாட்டி 134. ரெண்டும் மேல ஏறும். அங்க ஆர் இருக்கினம்?”

“ஒரு பாட்டுக்காரங்க வளர்ந்த வீட்டைப் பார்க்கணும் அக்கா. அண்ணன் தம்பி ரெண்டு பேர்.”

“இப்பவும் இருக்கினமோ?”

“இருக்காங்க. ஒத்துமையாத்தான் இல்லை.”

“அது எந்த வீட்டிலதான் இல்லை?” என்றபடி அவர் தன் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்.

கிங்க்ஸ் குழுவின் ரே டேவிஸ், டேவ் டேவிஸ் என்ற இந்தச் சகோதரர்களைப் பற்றி யார் எழுதினாலும் அந்தச் சண்டையில்தான் தொடங்குவார்கள். மேடையில் அடித்துக்கொண்டது, பிறந்தநாள் கேக்கை மிதித்தது, வருடக்கணக்கில் பேசாமல் இருந்தது. நானும் அந்தக் கதைகளைப் படித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஆனால் மலையேறி இறங்கி ஊரைச் சுற்றிய பிறகு, இது அண்ணன் தம்பி கதை மட்டும்தானா என்ற சந்தேகம் வந்துவிட்டது. இந்த வீட்டில் ஆண்பிள்ளைகள் இரண்டு பேர். அவர்களுக்கு மேலே அக்காக்கள் ஆறு பேர்.

43-ஆம் எண் பஸ்ஸின் மேல்தட்டில் முன்னிருக்கை கிடைத்தது. மஸ்வெல் ஹில்லுக்கு ஒரு காலத்தில் ரயில் இருந்தது; 1954-இல் பயணிகள் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். பழைய தடம் இப்போது மரங்கள் அடர்ந்த நடைபாதை. அதனாலோ என்னவோ, லண்டனுக்குள் இருந்தும் தனியாக ஒதுங்கிக்கொண்ட ஊர் மாதிரியான தோற்றம். ஏறக்குறைய நூறாண்டுக்கு முந்தைய செங்கல் கடைத்தெரு, ஒரு வட்டச் சந்திப்பு, தெருமுனையில் திரும்பினால் கீழே விரியும் மொத்த நகரம். மறுபக்கச் சரிவில் அலெக்சாண்ட்ரா பேலஸ். பி.பி.சி. 1936-இல் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கிய இடம்.

இந்தக் கடைத்தெருவில்தான், ரேடியோ உதிரிபாகம் விற்ற ஒரு கடையில், டேவ் ஒரு சின்னப் பச்சை நிற ஆம்ப்ளிஃபயர் வாங்கினார். எல்பிகோ என்பது அதன் பெயர். அந்தக் கடை எதுவாக இருந்திருக்கும் என்று தேடுவதில் பயனில்லை. காபிக்கடைகளும் வீட்டுத் தரகர் அலுவலகங்களுமாக எல்லாம் மாறிவிட்டது. ஆம்ப்ளிஃபயரைப் பற்றி வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன்.

வீடு இருப்பது ஃபோர்டிஸ் கிரீன் சாலையில், டென்மார்க் டெரஸ் என்ற சிறு வரிசையில். ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள், முன்னால் கையகல இடம். வேறு யாரோ குடியிருக்கும் வீட்டை முறைத்துக்கொண்டு நிற்பது நாகரிகமல்ல. எதிர்ச்சாரியில் நின்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். அந்த எதிர்ச்சாரியில்தான் கிளிசோல்டு ஆர்ம்ஸ் என்ற பப் இருக்கிறது. சகோதரர்களின் அப்பா ஃபிரெட் டேவிஸ் கசாப்புக்கூடத்தில் வேலை பார்த்தவர். மனைவி ஆனி. உள் லண்டனின் நெரிசலிலிருந்து வடக்கே நகர்ந்து வந்த தொழிலாளிக் குடும்பம். சனிக்கிழமை இரவு பப் மூடியதும் அங்கிருந்த கூட்டம் பீர் பெட்டிகளோடு சாலையைக் கடந்து இவர்கள் வீட்டு முன்னறைக்கு வந்துவிடும். அங்கே ஒரு பியானோ. பெற்றோர் தலைமுறையின் மேடைப்பாட்டு ஒருபுறம். அக்காக்கள் கொண்டுவந்த ஜாஸும் புதிய ராக் அண்ட் ரோலும் மறுபுறம். பையன்கள் இருவரும் தூங்கப் போகாமல் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு கிடந்தார்கள்.

ரே பிறந்தது 1944-இல், டேவ் 1947-இல். ஆறு பெண்களுக்குப் பிறகு பிறந்த முதல் பையனுக்குக் கிடைத்த செல்லத்தைச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றே ஆண்டுகளில் கடைக்குட்டி வந்து அதைப் பறித்துக்கொண்டான். சண்டையின் வேர் இவ்வளவுதான் என்று சொல்வார்கள். ரே ஒடுங்கிய சுபாவம். சிறுவயதில் கொஞ்ச காலம் மூத்த அக்கா ரோஸியின் வீட்டிலேயே வளர்ந்தார். டேவ் ஊரே என்னுடையது என்ற ரகம். பதினைந்து வயதில் பள்ளியிலிருந்து துரத்தப்பட்டவர்.

இரண்டாவது அக்கா ரெனே. கனடாக்காரரை மணந்து அங்கே போய், பிறகு தாய்வீடு திரும்பியவர். சிறுவயதிலிருந்தே இதயம் பலவீனம். நடனம் ஆடக்கூடாது என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். 1957 ஜூனில் ரேயின் 13-ஆவது பிறந்தநாளுக்கு, அவன் வெகுநாள் ஆசைப்பட்டுக் கிடந்த ஸ்பானிஷ் கிட்டாரை வாங்கிக் கொடுத்தார். அன்று மாலையே நகரத்துக்குள் லைசியம் நடனக்கூடத்துக்குப் போனார். ஆடிக்கொண்டிருக்கும்போதே இறந்தார். வயது 31.

கிளிசோல்டு ஆர்ம்ஸில் உட்கார்ந்து மீன் வறுவல் வரும்வரை இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சகோதரர்கள் முதன்முதலில் நாலு பேர் முன்னால் வாசித்தது இங்கேதான் என்று பெருமையாக அறிவித்துக்கொள்ளும் பப் இது. சுவரெல்லாம் இசைத்தட்டுகள், படங்கள். அத்தனையிலும் பையன்கள்தான். ஒரு அக்கா படம்கூட என் கண்ணில் படவில்லை.

இனி ஆம்ப்ளிஃபயர். ரே முன்னறைப் பியானோவில் இரண்டு சுரங்களைத் தட்டித் தட்டி ஒரு பாட்டைப் பிடித்தார். டேவ் அதைக் கிட்டாருக்கு மாற்றினார். அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயர்கள் சுத்தமாக, மொழுமொழுவென்று ஒலித்தன. டேவுக்கு அது எரிச்சல். ஒரு சவரப் பிளேடை எடுத்து எல்பிகோவின் ஸ்பீக்கர் கூம்பைக் கீறிவிட்டார். கிழிந்த காகிதம் அதிர்ந்து நாராசமாகக் கரகரத்தது. அதை ஒரு பெரிய வாக்ஸ் ஆம்ப்ளிஃபயரோடு இணைத்ததும் கரகரப்பு முழங்க ஆரம்பித்தது. அப்படிப் பிறந்ததுதான் ‘யூ ரியலி காட் மீ’. பின்னாளில் கனராக் இசையின் பாட்டன் என்று கொண்டாடப்பட்ட ஒலி, கோபக்கார விடலை ஒருவன் வீட்டில் பிளேடோடு செய்த வேலை.

பை என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்காக அதற்கு முன் வெளியிட்ட இரண்டு இசைத்தட்டுகளும் விலைபோகவில்லை. இது மூன்றாவது; இதுவும் போனால் அத்தோடு சரி. முதலில் பதிந்த வடிவத்தில் எதிரொலியைக் கொட்டி முரட்டுத்தனத்தையெல்லாம் மழுக்கியிருந்தார்கள். ரே அதை வெளியிடக்கூடாது என்று முரண்டு பிடித்தார். தயாரிப்பாளர் ஷெல் டால்மியுடன் ஐ.பி.சி. ஸ்டூடியோவில் மறுபடி பதிந்தார்கள். 1964 ஆகஸ்டில் வெளிவந்து செப்டம்பரில் பிரிட்டனில் முதலிடம். தம்பிக்கு அப்போது 17 வயது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தம்பியின் அந்தக் கரகரப்புக்காகக் கம்பெனியோடு மோதியவர் அண்ணன். பாட்டை எழுதியவர் என்று அட்டையில் பெயர் வந்ததும் அண்ணனுக்கு மட்டும். பிறகு அறுபது ஆண்டுகளாக நடக்கும் பங்காளித் தகராறு முழுக்க இந்த ஒரே பாட்டுக்குள் அடங்கிவிடும்.

அந்த ஆண்டு வரிசையாக வெற்றிகள். 1965 மே மாதம் கார்டிஃப் நகர மேடையில் டேவ், டிரம்மர் மிக் ஏவரியைத் திட்டி, அவருடைய டிரம்களை எட்டி உதைத்தார். ஏவரி சிம்பல் தாங்கியைத் தூக்கி டேவின் தலையில் போட்டார். 16 தையல். கொன்றுவிட்டோம் என்று நினைத்து ஏவரி தெருவில் ஓடினாராம். போலீசாரிடம் அது நிகழ்ச்சியின் ஒரு அங்கம் என்று சமாளித்தார்கள். அதே கோடையில் அமெரிக்கா போய் அங்கே ஏற்பாட்டாளர்களோடும் தொலைக்காட்சிக்காரர்களோடும் சண்டை. இசைக்கலைஞர் சங்கம் நான்கு ஆண்டுகளுக்கு அனுமதி மறுத்துவிட்டது. காரணத்தை வெளிப்படையாகச் சொல்லவுமில்லை. பிரிட்டிஷ் குழுக்கள் அமெரிக்காவில் பணத்தை அள்ளிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. கிங்க்ஸ் மட்டும் ஊரில் உட்கார்ந்திருந்தது.

ஊரில் உட்கார்ந்ததால்தான் ரே ஊரைப் பார்த்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. வரி கட்ட முடியாத பிரபு, தோட்டம் பெருக்கும் கிழவர், புறநகர் வீடுகள், கிராமத்துப் புல்வெளி எல்லாம் பாட்டுக்குள் வந்தன. 1966-இல் ‘சன்னி ஆஃப்டர்நூன்’ முதலிடம் பிடித்தது. 1968-இல் வந்த ‘வில்லேஜ் கிரீன் பிரிசர்வேஷன் சொசைட்டி’ விற்பனைப் பட்டியலில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இன்று விமர்சகர்கள் அதைத்தான் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதைவிட அடுத்த ஆண்டு வந்த ‘ஆர்தர்’ மேல். ஆர்தர் வேறு யாருமல்ல, ரோஸி அக்காவின் கணவர். அறுபதுகளில் பிள்ளைகுட்டியோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிப் போனவர். அக்கா போனது ரேயை உலுக்கிவிட்டது. 1966-இலேயே ரோஸியை வீட்டுக்குத் திரும்பி வரச் சொல்லும் ஒரு பாட்டு உண்டு. அந்த மைத்துனரை வைத்து ஒரு பேரரசு சுருங்கியதை ஒரு முழு இசைத்தட்டாகச் சொல்லிவிட்டார். அரண்மனையையோ நாடாளுமன்றத்தையோ தேடாமல், கம்பளம் விரிப்பதைத் தொழிலாகக் கொண்டவர் ஒருவர் ஏன் கப்பலேறினார் என்று கேட்டால் வரலாறு தானாக வந்துவிடுகிறது.

நம் பக்கத்து மண்ணுக்கும் இதில் ஒரு சிறு பங்கு உண்டு. 1965 ஜனவரியில் ஆஸ்திரேலியா போகும் வழியில் குழு பம்பாயில் தங்கியது. விடியற்காலையில் ஓட்டலுக்கு வெளியே கடற்கரையில் மீனவர்கள் குரலெடுத்துப் பாடிக்கொண்டே வேலைக்குப் போனது ரேயின் காதில் விழுந்தது. அந்த இழுவைதான் ஜூலையில் வெளிவந்த ‘சீ மை ஃப்ரெண்ட்ஸ்’. சிதார் கிடையாது, கிட்டார் ஒலியைத் தம்பூரா சுருதி மாதிரி நீளமாக ரீங்கரிக்க விட்டிருக்கிறார்கள். பீட்டில்ஸ் சிதாரைப் பாட்டில் சேர்த்து வெளியிட்டது அந்த டிசம்பரில்தான். இந்திய மோகத்தைத் தொடங்கியவர் யார் என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வமில்லை. அந்தப் பாட்டு ஆற்றைக் கடந்து போய்விட்ட ஒருத்தியைப் பற்றியது. மனத்தில் இருந்தது ரெனே அக்கா என்று ரே சொல்லியிருக்கிறார். ஓர் அக்கா குடியேறிய நாட்டுக்குப் போகிற வழியில், இன்னோர் அக்காவின் ஒப்பாரிக்கு மெட்டுக் கிடைத்திருக்கிறது.

மஸ்வெல் ஹில்லிலிருந்து டபிள்யூ7 பஸ் கிரவுச் எண்ட் பக்கம் இறங்குகிறது. அங்கே டாட்டன்ஹாம் லேன் சாலையில் காங்க் ஸ்டூடியோ. 1973-இல் சகோதரர்கள் தொடங்கியது. கிடங்கு என்று நினைத்துக் கடந்து போய்விடக்கூடிய முகப்பு. இதற்குள்தான் எழுபதுகளின் நாடகபாணி இசைத்தட்டுகள் உருவாயின. அவற்றை முழுக்கக் கேட்க எனக்குப் பொறுமை போதாது; டேவுக்கும் போதவில்லை என்று படித்தபோது ஆறுதலாக இருந்தது. அதே 1973-இல் லண்டன் ஒயிட் சிட்டி அரங்கில் ரே மேடையிலேயே இசையை விட்டு விலகுவதாக அறிவித்துவிட்டு மருத்துவமனையில் போய் விழுந்தார். பிறகு அரிஸ்டா கம்பெனி, அமெரிக்காவின் பெரிய அரங்குகள், 1979-இல் ‘லோ பட்ஜெட்’. 1978-இல் வான் ஹேலன் என்ற புதிய அமெரிக்கக் குழு ‘யூ ரியலி காட் மீ’யைத் தன் முதல் இசைத்தட்டில் பாடியது, அதைத் தங்கள் பாட்டு என்று நினைத்த பிள்ளைகளும் அங்கே உண்டு.

ஏவரி 1984-இல் விலகினார். 1993-இல் கடைசி ஸ்டூடியோ இசைத்தட்டு, 1996-இல் கடைசி மேடை. முறைப்படி கலைந்ததாக யாரும் அறிவிக்கவில்லை. தன் 50-ஆவது பிறந்தநாள் கேக்கை ரே மிதித்ததாகச் சொல்வது டேவ்தான். 2004 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸில் வழிப்பறிக்காரர்களைத் துரத்திப் போய் ரே காலில் குண்டடி பட்டார். அதே ஆண்டு டேவுக்குப் பக்கவாதம். தம்பி மீண்டும் ஒவ்வொரு விரலாகப் பழக்கி மேடையேறினார். அண்ணனுக்கு 2017-இல் ‘சர்’ பட்டம். இடையில் 2015 டிசம்பரில் இஸ்லிங்டன் மண்டபத்தில் டேவ் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தபோது ரே மேடைக்கு வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடினார்கள். எந்தப் பாட்டு என்று சொல்லத் தேவையில்லை.

கடைசியாக வாட்டர்லூ பாலம். ‘வாட்டர்லூ சன்செட்’ பாட்டுக்காக இந்தப் பாலத்துக்கு வருபவர்கள் நிறைய. தெற்கே சற்றுத் தள்ளி, ஆற்றங்கரையில் செயின்ட் தாமஸ் மருத்துவமனை. சிறுவயதில் ரே அங்கே படுத்திருந்தபோது நர்சுகள் அவரைத் தள்ளிக்கொண்டு வந்து மாடத்திலிருந்து தேம்ஸைக் காட்டினார்களாம். 1967 ஏப்ரலில் பாட்டைப் பதிந்தபோது ரே வரிகளைக் குழுவினருக்கே காட்டாமல் வைத்திருந்தார்; அவ்வளவு அந்தரங்கமாகத் தோன்றியது. பின்னணியில் அவர் மனைவி ராசாவின் குரலும் கேட்கிறது. டேவின் கிட்டார் தன் முரட்டுத்தனத்தையெல்லாம் விட்டுவிட்டு இறங்கி வருகிறது. பாட்டில் வெள்ளிக்கிழமை இரவு ரயில் நிலையத்தில் சந்தித்து ஆற்றைக் கடக்கும் ஜோடி யார் என்று ரசிகர்கள் சினிமா நட்சத்திரங்கள்வரை ஊகித்துப் பார்த்தார்கள். தன் அக்கா காதலனோடு வேறு நாட்டுக்குக் கிளம்பிப் போகும் கற்பனை அது என்பது ரே பிற்பாடு கொடுத்த விளக்கம்.

பாலத்தில் பெரும்பாலோர் நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டு தென்கரைக்கே திரும்பிவிடுகிறார்கள். நான் வடக்கே நடந்தேன். பாலம் முடிந்து, ஸ்ட்ராண்ட் சாலையைக் கடந்து, நேராக வெலிங்டன் தெருவுக்குள் நுழைந்தால் அதிகம் தேட வேண்டியதில்லை. ஆறு பெரிய தூண்களோடு இடப்புறம் தெரிகிறது லைசியம். ரெனே ஆடப் போன அதே இடம். பாலத்திலிருந்து சில நிமிட நடைதான். ஆற்றையும் பாலத்தையும் எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். பாலம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்த்தவர்கள் குறைவு. இப்போது அது மறுபடி நாடக அரங்கு. 1999-லிருந்து ‘லயன் கிங்’ ஓடிக்கொண்டிருக்கிறது. மாலைக் காட்சிக்கு வரிசை வளைந்து நின்றது. பிள்ளைகள் கையில் சிங்கப் பொம்மைகள்.

1982-இல் ரே ‘கம் டான்சிங்’ எழுதினார். சனிக்கிழமை தோறும் நடனக்கூடத்துக்குப் போகும் அக்காவையும், அவள் திரும்பி வருவதை வீட்டிலிருந்து வேடிக்கை பார்க்கும் தம்பியையும் பற்றிய பாட்டு. ரொம்ப இங்கிலீஷ்காரத்தனமாக இருக்கிறது, அமெரிக்காவில் எடுபடாது என்று அரிஸ்டாவின் தலைவர் கிளைவ் டேவிஸ் தயங்கினார். எம்.டி.வி.யில் படம் ஓட ஓட, 1983-இல் அமெரிக்காவில் 6-ஆம் இடம் வரை ஏறியது. அந்த நாட்டில் கிங்க்ஸ் அதற்கு மேல் போனதே இல்லை. பாட்டில் நடனக்கூடத்தை இடித்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் டேவ் பழைய கரகரப்போடு உள்ளே நுழைகிறார். அக்காவை மட்டும் ரே சாகவிடவில்லை. கல்யாணமாகி, வளர்ந்த பெண்களைப் பெற்று, இரவில் வெளியே போன மகள்கள் வீடு திரும்பும்வரை தூங்காமல் காத்திருக்கும் அம்மாவாக ஆக்கிவிட்டார்.